மூன்று மில்லிமீட்டர்

புதன்கிழமை முற்பகலில் வரதராஜன் தம் காரின் சாவியை என் மேசைமீது வைத்தார். பட்டுக்கடை உரிமையாளர், எங்கள் பணிமனையின் நெடுநாள் வாடிக்கையாளர். இருபது ஆண்டு கடந்த ஜெர்மன் கார் அவருடையது.

"பிரேக்கு மிதிச்சா ஸ்டீரிங்கு கைல நிக்க மாட்டேங்குது சார். சனிக்கிழமை குடும்பத்தோட திருமலைக்குப் போறோம். பொண்ணு கல்யாணப் பத்திரிகைய மொதல்ல பெருமாளுக்கு வெச்சிட்டுதான் ஊருக்குக் குடுக்கணும். அதுக்குள்ள முடியுமா?"

"முடியும்" என்றேன்.

செவிலிமேடு சாலையில் இருந்த அப்பணிமனையில் நான் உதிரிப்பாகப் பொறுப்பாளன். எந்தப் பாகம், எந்த எண் என்று தீர்மானிப்பது என் பணி. அதைப் பொருத்துவது தலைமை மெக்கானிக் டேவிட்டின் பணி. மாகறலைச் சேர்ந்தவர். பத்தொன்பது ஆண்டுகள் ஒரு கூரையின்கீழ் உழைத்தோம். நண்பகலில் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து உண்டோம். பிரேக் டிஸ்க்குகள் இருந்த அடுக்கில் 'தடைவட்டு' என்று நான் அட்டை எழுதி ஒட்டியிருந்தேன். "மெட்ராஸுக்கு போன் போட்டு தடைவட்டுன்னு கேளுங்க சார், வடைத்தட்டு பார்சல் வரும்" என்பார் டேவிட். ஆயினும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் பாகத்தை எடுப்பார்.

டேவிட் முன்சக்கரங்களைக் கழற்றினார். டிஸ்க் இரண்டும் தேய்ந்து, விளிம்பில் வரப்பு கட்டியிருந்தன. கடைசல் பிடிக்க இடமில்லை; மாற்றியே ஆக வேண்டும். துளையிட்ட டிஸ்க் அழகாக இருக்கும் என்று வரதராஜன் ஆசைப்பட்டார். துளையோரத்தில் வெடிப்பு விடக்கூடும் என்று விளக்கி, நடுவே காற்றுவழி கொண்ட சாதாரண டிஸ்க்கையே தெரிந்தெடுத்தேன். உடன், டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேடுகளையும் புதிதாகச் சேர்த்தேன். அதுவரை என் முடிவில் பிழையில்லை.

பின்னர், பதிவுப் புத்தகத்தில் இருந்த ஆண்டைக்கொண்டு பாகநூலில் எண்ணைத் தேடினேன். டேவிட் குறுக்கிட்டார்.

"சார், இது வெளிநாட்டுலேர்ந்து எறக்கின வண்டி. செஞ்ச வருஷம் வேற, ரிஜிஸ்டர் பண்ண வருஷம் வேறயா இருக்கும். சேஸிஸ் நம்பர் சொல்லிக் கேளுங்க. இல்லாங்காட்டி பழைய டிஸ்க்கு ஓரத்துல துருவச் சுரண்டிப் பாருங்க, அளவு அடிச்சிருப்பான்."

"தேய்ந்துபோனதைச் சுரண்டி என்ன காணப் போகிறோம் டேவிட்? நூலில் தெளிவாக இருக்கிறது."

"புக்கு ரோட்டுல ஓடாது சார், வண்டிதான் ஓடும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காரின் வேலையைப் பார்க்கப் போனார்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் சென்னையிலிருந்து டிஸ்க் வந்து சேர்ந்தது. அச்சில் ஒழுங்காக அமர்ந்தது. பேடுகளைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பரை ஏற்றியபோது புதிய பேடுகள் உள்ளே நுழையவில்லை.

"தடிமன் ஜாஸ்தியா கீது சார்" என்றார் டேவிட்.

பேடைத் தள்ளும் பிஸ்டன் முழுதும் பின்வாங்கியிராது என்றேன். அவர் பிஸ்டனை அழுத்திக் காட்டினார். அது அடிவரை சென்றது. அப்போதாவது நான் அளவுகோலைக் கையில் எடுத்திருக்க வேண்டும்.

முதலாளி வந்தார். "இன்னாப்பா, நாளைக்குக் காத்தால வண்டி கெளம்பணும். பேடை ரெண்டு இழுப்பு அரைச்சு உள்ள தள்ளு."

"நான் மாட்ட மாட்டேன் மொதலாளி. அரைச்சு மாட்டினா டிஸ்க்க ஒட்டிக்கினே ஓடும். மலை எறங்கும்போது சூடேறி, மிதிச்சா பெடல் அடிவரைக்கும் போயிடும். உள்ள குடும்பமே ஒக்காந்துக்கினு இருக்கும்."

"தமிழ்ல பட்டம் வாங்கினவரு, இத்தினி வருஷமா ஸ்டோர் பாக்குறவரு. அவருக்குத் தெரியாதது பத்தாவது பெயிலான உனக்குத் தெரிஞ்சிடுச்சா? இன்னா திமிருடா உனக்கு!"

டேவிட் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பாகநூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான் பார்க்க வேண்டிய பக்கம் எதுவும் அதில் இருக்கவில்லை.

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். தமக்குச் சொந்தமான ஸ்பேனர்களை மட்டும் எண்ணெய் படிந்த பைக்குள் வைத்து, இருசக்கர வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பின்னரே பழைய டிஸ்க்கை எடுத்து உப்புத்தாளால் துருவைத் தேய்த்தேன். குறைந்தபட்சத் தடிமன் இருபது என்று பொறித்திருந்தது. அத்தகைய டிஸ்க் புதிதாக இருக்கையில் இருபத்திரண்டு மில்லிமீட்டர். நான் வரவழைத்ததோ இருபத்தைந்து. சேஸிஸ் எண்ணைச் சொல்லிச் சென்னையில் விசாரித்தேன். பதிவுக்கு முந்தைய ஆண்டில், டிஸ்க்கின் அளவை மாற்றுவதற்கு முன் செய்யப்பட்ட கார் அது.

பிழை என்னுடையது என்று முதலாளியிடம் கூறினேன். அவர் தம் சொந்தக் காரை வரதராஜனுக்குத் திருமலைப் பயணத்துக்குக் கொடுத்தனுப்பினார். "ஆனது ஆச்சு சார். அவனுக்கு போன் பண்ணி வரச் சொல்லுங்க" என்றார்.

நான் அழைக்கவில்லை. தொலைபேசியில் சொல்லத் தக்கதா அது, நேரில் செல்வோம் என்று எண்ணினேன். முதலில் மழை ஓயட்டும் என்றிருந்தேன்; பின்னர் பொங்கல் கழியட்டும் என்றிருந்தேன்.

மாகறலுக்குச் சென்றபோது அவர் மனைவி எஸ்தர் கதவைத் திறந்தார். "அவரு மஸ்கட்டு போயி மூணு வாரம் ஆவுது சார். உங்களுக்குத் தெரியாதா? போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாட்டி உங்க ஒர்க்ஷாப்பு வரைக்கும் வந்தாரு. வெளியவே நின்னுட்டு வந்துட்டேன்னாரு."

எஸ்தர் தந்த தொலைபேசி எண்ணுக்கு அன்று மாலையே அழைத்தேன். உப்புத்தாள் முதல் இருபத்தைந்து வரை அனைத்தையும் சொன்னேன். டேவிட் சிரித்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். மொதலாளி பேசினத நான் பெருசா எடுத்துக்கல, அவரு யாரைத்தான் திட்டல? நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன் பாருங்க, அதான் மனசவுட்டுப் போவ மாட்டேங்குது."

"திரும்பி வந்துடுப்பா" என்றேன்.

"இங்க நல்லாத்தான் கீது சார். பொண்ணு காலேஜு முடிக்கட்டும், பாக்கலாம்." அவர் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. எனக்கு அறுபத்து மூன்று.

மேலும் ஈராண்டு பணியாற்றினேன். என் எதிர் நாற்காலியில் புதிய மெக்கானிக் ஒருவர் அமர்ந்து உண்டார். நல்லவர், தொழில் அறிந்தவர். நான் எந்த எண்ணைச் சொன்னாலும் "சரிங்க ஐயா" என்பார். ஒவ்வொரு முறையும் நான் சற்றுநேரம் காத்திருப்பேன், அவர் மறுத்து ஏதேனும் சொல்வார் என்று. சொன்னதேயில்லை.

பழைய கார்களுக்கு டிஸ்க் வாங்குவோர் பதிவாண்டை நம்ப வேண்டாம். சேஸிஸ் எண்ணைக் கொடுங்கள், விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள், இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இவற்றை எந்தப் பணிமனையும் உங்களுக்குக் கற்பித்துவிடும். நான் கற்றது வேறு. அன்று டிஸ்க்கின் தடிமனில் யார் கூற்று சரி என்பது எனக்குத் தெரியாது. முதலாளி டேவிட்டைப் பழித்த சொல் தவறு என்பது தெரியும். அதைச் சொல்வதற்கு எதையும் அளக்க வேண்டியிருக்கவில்லை.