மாதாவுக்குப் போகாத மல்லி

மர்சலின் டீச்சருக்கு அருவருப்பு கூடவே பிறந்தது. பள்ளியில் வேலை பார்த்த காலமெல்லாம் வருகைப் பதிவுக்கு முன்பே பிள்ளைகளின் நகத்தைப் பார்த்துவிடுவார். கல்யாண வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஓய்வு பெற்றபின் அவர் முழுதாக நம்பியது, சாந்தோம் வீட்டு வாசலில் தானே வளர்த்த குண்டுமல்லியை மட்டும்தான்.

மே மாதம் மாதா சுரூபம், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்து வீடுகளுக்கு, தினம் ஒரு வீடாகப் போகும். சாயங்காலம் அந்த வீட்டில் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். "கடைப் பூவ யார் யார் கையோ தொட்டிருக்கும். எங்க வீட்டுக்கு மாதா வர்ற அன்னிக்கு எங்க தோட்டத்து மல்லிதான் மாலை" என்று டீச்சர் அன்பியக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கத்திரி வெயிலுக்கு நடுவே மழை கொட்டியது. தெருச் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, தோட்டத்துக்குள் புகுந்து, செடிகளின் அடியில் தேங்கி நின்றது. வடிந்தபின் அங்கே கிடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்த டீச்சர், காலைப் பலகாரத்தை அப்படியே மூடிவைத்தார். சில நாளில் செடிகள் இலை தெரியாமல் மொட்டுவிட்டன. எத்தனை எரு போட்டும் காணாத பூ. ஒவ்வொரு மொட்டும் கொழுத்திருந்தது. எதைத் தின்று கொழுத்தது என்று நினைத்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மாதா வரும் நாளில் கணவர் பவுல்சாமி பூப்பறிக்கக் கூடையோடு வந்து நின்றார்.

"தாமரைகூட சேத்துலதான் பூக்குது மர்சி."

"சேறு வேற, பீ வேற. கூடைய உள்ள வைங்க."

மாலையில் முதல் ஆளாக வந்தவள் ஆரோக்கியமேரி. பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை வைத்திருப்பவள். நேரே செடியிடம் போய் முந்தானையை ஏந்திக்கொண்டு பறிக்க ஆரம்பித்தாள்.

"தொடாத மேரி. சாக்கடை ஏறின செடி."

"இன்னா டீச்சர், நேத்து என் வூட்டு மாதா மாலைய கண்ல ஒத்திக்கினீங்களே, அது மட்டும் பன்னீர்லயா பூத்துது? என் வூட்டுச் செடிக்கும் இதே தண்ணிதான்."

டீச்சர் குளியலறைக்குப் போய், சோப்பு போட்டுக் கண் எரியும்வரை முகம் கழுவினார்.

அன்று மாதா கழுத்தில் மாலை இல்லை. "இந்த வருஷம் எங்க வீட்ல பூ இல்ல" என்று மட்டும் சொல்லி டீச்சர் முழங்காலிட்டார். ஆரோக்கியமேரி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். ஜெபமாலை பாதி போகும்போது வாசலில் மல்லி விரிந்து, வாசனை கூடத்துக்குள் வந்தது. ஜெபம் சொல்லிக்கொண்டே எல்லாரும் மூச்சை ஆழ இழுத்தார்கள். டீச்சர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"மர்சி, புழுங்குது" என்றார் பவுல்சாமி மெதுவாக.

"புழுங்கட்டும்."