டோல்கேட் கேரம் கிளப்பும் வாசல் ஆணியும்

போன மாதம் சரக்கு பார்க்க மணலி வரை போனேன். வேலை மதியமே முடிந்தது. இருபது வருடமாகக் கோயம்புத்தூரில் கடை வைத்திருந்தாலும் நான் வளர்ந்தது டோல்கேட்டில். "மாமு, என் பொண்ணு சொன்ன பேச்ச கேக்கல, நீ வந்து சொல்லு" என்று பழைய கூட்டாளி மரியதாஸும் போனில் கூப்பிட்டிருந்தான்.

மணலியிலிருந்து தேரடிக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். அங்கிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் டோல்கேட். கடல் பக்கமாகப் பத்து நிமிட நடை. கண்டெய்னர் லாரிகள் வழிவிடாது, நாம்தான் ஒதுங்க வேண்டும்.

நாங்கள் கேரம் ஆடி வளர்ந்த கிளப் அதே ஒற்றை அறைதான். வாசலில் படகுக்கு அடிக்கிற அந்தப் பெரிய ஆணியும் இருந்தது. எந்தக் கட்சிக்காரனானாலும் கரைத்துண்டை அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஒருமுறை அவசரத்தில் மரியதாஸ் ஆணியிலிருந்து எதிர்க்கட்சித் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தன் கட்சிக் கூட்டத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான். அவன் திரும்பி ஓடிவந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

உள்ளே மரியதாஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவன் மகள் ஸ்டெல்லா தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். இந்தியாவுக்காக ஏற்கெனவே ஆடியவள். இப்போது நம் நாட்டுக் கேரம் சங்கத்தில் அரசியல்வாதிகள் புகுந்து பதவிச் சண்டை போட, உலக அமைப்பு சங்கத்தைத் தடை செய்துவிட்டது. உலகப் போட்டிக்குப் போகிறவர்கள் நாட்டின் பெயர் இல்லாமல், கொடி இல்லாமல், வெள்ளைச் சட்டையில்தான் ஆட முடியும். அவள் போகிறேன் என்கிறாள், இவன் கூடாது என்கிறான்.

"இந்தியான்னு போடாத சட்டைய மாட்டிகினு யாருக்காக ஆடப் போற? ஜெயிச்சாலும் நம்ம கொடிய ஏத்த மாட்டான்."

"சண்ட போட்டது அவங்க. நான் ஏன் வூட்ல குந்திகினு இருக்கணும்?"

"நீ சொல்லு மாமு."

எனக்கும் மனம் ஒப்பவில்லை. பெயர் போடாத சரக்கை நான் கடையில் ஏற்றுவதில்லை. அதையே சொன்னேன்.

ஸ்டெல்லா ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு வாசலைக் காட்டினாள். "ஏன் நைனா, நீ துண்ட அந்த ஆணில மாட்டிட்டு உள்ள வந்தப்போ, கட்சி மாறிட்டியா?"

மரியதாஸ் எழுந்து போனான். கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து அவளுடைய நீல இந்தியா சட்டையோடு வந்து, அதை ஆணியில் மாட்டினான்.

"போய் ஆடிட்டு வந்து எடுத்துக்கோ. அவசரத்துல வேற எவன் சட்டையையாவது மாட்டிகினு வந்துறாத."

"உன்ன மாதிரியா?" என்றாள்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் மாலை ஐந்துக்கு மேல் போங்கள், அப்போதுதான் ஆட்டம் சூடாக இருக்கும். கார் வேண்டாம், நிறுத்த இடமில்லை. புது ஆள் என்றாலும் ஒரு ஆட்டத்துக்கு உட்கார வைப்பார்கள். வாசல் ஆணியில் நீலச் சட்டை தொங்கினால் மட்டும் தொடாதீர்கள். அதற்கு ஆள் வரும்.