வண்டிக்குக் கொடுத்த அச்சாரம்

ஆரோக்கியம், சந்தியாகு, என் பிள்ளைகளே, கோயிலில் உங்களோடு உட்கார்ந்து செபம் சொல்லுகிற மற்றப் பிள்ளைகளே, சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தை உங்களுக்கு எழுதி வைக்கிறேன்.

உங்கள் அம்மா மலைக்காய்ச்சலில் இறந்த வருஷம், ஆடி மாதத்தில், நம் காளைகள் இரண்டும் வெக்கை நோயில் விழுந்தன. ஒன்று வெள்ளிக்கிழமை செத்தது. மற்றது ஞாயிற்றுக்கிழமை. அன்று பூசைக்குப் போகாமல் அதன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கூடலூர்ப் பக்கத்தில் நம்முடையது ஒன்றுதான் கிறிஸ்துவ வேதக்கார வீடு. மாட்டைப் புதைக்க வந்தவர்கள் புதைத்தவுடன் போய்விட்டார்கள். நீங்கள் ஆண்டிபட்டியில் பெரியம்மா வீட்டில் இருந்தீர்கள். சோறு வெந்ததா என்று கேட்கக்கூட வீட்டில் ஒரு குரல் இல்லை.

அப்போது மலைமேல் பெரியாற்று அணை வேலை நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பும் அரிசியும் ஏற்ற வண்டிகளுக்குக் கிராக்கி. சொந்த வண்டி ஓட்டினால் உங்களை வீட்டுக்கு அழைத்துவந்து வளர்க்கலாம் என்று நினைத்து, வைகாசியிலேயே உத்தமபாளையத்து ஆசாரி ஒருவரிடம் வண்டி செய்யச் சொல்லி, கையில் இருந்ததை எல்லாம் அச்சாரமாகக் கொடுத்திருந்தேன். இப்போது வண்டி வந்தும் என்ன? இழுக்க மாடு இல்லை.

அந்தப் பணம் திரும்பினால் ஒரு மாடு வாங்கலாம். ஒற்றை மாடு மிஞ்சிய பக்கத்துக் காட்டுக்காரரோடு சேர்ந்து ஏர் பூட்டலாம். திரும்பாவிட்டால் இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணியோடு போவதைத் தவிர வழி இல்லை. அவன் கம்பம் ஊரில் தங்கியிருந்தான். வேறு வழி கிடைக்காவிட்டால் வருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். “கப்பலேறுனா பிள்ளைகளை மறந்துட்டுத்தான்யா ஏறணும்” என்றான் அவன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தில் முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியை மற்றவர்கள் சொல்வது நம் வழக்கம். அந்த நாட்களில் இரண்டு பாதியையும் நானே சொன்னேன். “ஆண்டவரே, பிள்ளைகளை விட்டு என்னைப் பிரிக்காதேயும்” என்பதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை.

அப்படியே வேண்டிக்கொண்டு உத்தமபாளையத்துக்கு நடந்தேன். ஆசாரி சக்கரத்துக்குக் காய்ச்சிய இரும்புப் பட்டா ஏற்றிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர்கள் சிலர் காத்திருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிராமலே, வாங்குகிறவன் பின்வாங்கினால் அச்சாரம் போனதுதான், அது ஊர் வழக்கம் என்றார். வழக்கம் எனக்கும் தெரியும். காத்திருந்தவர்களில் ஒருவன், “மாடு செத்தா என்னய்யா, ஒம்ம மாதாவ நுகத்தடியப் பிடிக்கச் சொல்லும்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் தலைகுனிந்து, வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றேன். போக இடம் இல்லாததால்தான் நின்றேன்.

பட்டா ஆறியபின் ஆசாரி என்னைப் பார்த்தார்.

“அச்சாரம் குடுத்த அன்னைக்கு நீரு வெத்தலை எடுக்கலையேய்யா.”

பிள்ளைகளே, பேரம் முடிந்ததும் ஆசாரி தன் அம்மனுக்கு முன் வைத்த தாம்பாளத்தை நீட்டுவார். வாங்குகிறவன் அதிலிருந்து வெற்றிலை எடுத்துக்கொள்வான். படைத்ததை எடுப்பது நம் வேதத்துக்கு ஆகாது என்று அன்று நான் கைகூப்பி விலகிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கும் சங்கடந்தான். பணம் கைமாறியதே, பேரம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

“இங்கன இருந்தவுக எல்லாரும் பாத்தாக. எனக்குக் கோவந்தான். ஆனா வெத்தலை மாறாத காச அச்சாரம்னு எப்பிடிச் சொல்ல? அத என் தொழில் காசோட சேக்க மனசு வரலை. அங்கன முடிஞ்சபடி கெடக்கு, எடுத்துக்கிட்டுப் போம்.”

சிரித்தவன் ஏதோ சொல்ல வந்தான். “வாய மூடுலே, ஒன் வண்டிய நாளைக்குத்தான் தருவேன்” என்று ஆசாரி அவனை அடக்கினார். என் துணி முடிச்சு அவிழ்க்கப்படாமலே என் கைக்கு வந்தது. அவர் நம் வேதத்தார் அல்ல. ஆனாலும் சர்வேசுரன் அன்று அவருடைய நீதியைக்கொண்டுதான் எனக்கு உதவினார். இன்றும் என் செபத்தில் அவர் பெயர் உண்டு.

கங்காணியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, மாட்டைக்கூட வாங்காமல் நேரே ஆண்டிபட்டிக்கு நடந்தேன். ஆரோக்கியம், நீ ஓடிவந்தாய். சந்தியாகு, உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெரியம்மா சேலைக்குள் ஒளிந்துகொண்டாய். திரும்பும் வழியிலும் அக்காள் கையைத்தான் பிடித்து நடந்தாய். ஊர் எல்லை தாண்டியதும் கால் வலித்து நின்றாய். என்னை அண்ணாந்து பார்த்து, “தூக்கு” என்றாய்.

அந்த ஒரு சொல்லை வாங்கித் தரத்தான் ஆண்டவர் என்னை அவ்வளவு தனியாக விட்டுவைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. தனியாக இருக்கும்போதும் அவரிடம் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டால் சும்மா நின்றாவது கேளுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.