தூசி மேடத்தின் பத்து நிமிடம்

பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தூசி மேடம் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை; கூப்பிட்டிருந்தால் தொலைந்தார்கள். காற்றில் வந்து விழுகிற தூசியை ஆராய்வது அவர் வேலை, அதை எடை போடுவது என் வேலை. பன்னிரண்டு வருடமாக ஒரே ஆய்வகத்தில் அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

இந்தக் கடைசி ஆய்வை அவர் கையில் எடுத்ததே தன் அக்காவுக்காகத்தான். அக்கா தையல்காரர். கல் அரைக்கிற ஆலைக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறார். நான்கு வருடமாக இருமல். மிஷினை மிதிப்பதும் இருமுவதும் ஒரே தாளத்தில் நடக்கும். ஆலைக்குக் கூரை போட்டு மூட வைக்காமல் விடுவதில்லை என்று மேடம் கங்கணம் கட்டிக்கொண்டார். அக்கா தெருவில் தூசி வரம்பு மீறுவதை அளந்து காட்டினால் மறுநாளே நோட்டீஸ் விடுகிறேன் என்று சுகாதார அதிகாரியும் வாக்குக் கொடுத்தார்.

அக்கா தெருவில் இருபது வீட்டு ஜன்னல்களில் இருபது கண்ணாடித் தட்டுகள் வைத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க, ஆலைக்கு எட்டத்தில் இருக்கிற தெருக்களில் இன்னொரு இருபது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை போய்ப் பழைய தட்டை எடுத்துக்கொண்டு புதுத் தட்டை வைப்போம். வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட நான்கு பக்கப் படிவம். "புவியீர்ப்பால் படியும் துகள்களின் நிறை மதிப்பீடு" என்று அதற்குத் தலைப்பு. அதைப் படித்துவிட்டு எனக்கே கொட்டாவி வந்தது. இது எதுக்கு என்று அக்கா கேட்டார். மேடம் அவசரத்தில் இருந்தார்.

"சொன்னா உனக்குப் புரியாதுக்கா. ஜன்னல்லயே இருக்கட்டும், அவ்வளவுதான்."

தங்கை கொடுத்த காகிதமாயிற்றே, அக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஒரு வருடம் அளந்தோம். வந்த எண்களைப் பார்த்து மேடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் தூசி கொஞ்சம், தூரத்துத் தெருக்களில் அதிகம். தராசைச் சந்தேகப்பட்டார், பிறகு என்னைச் சந்தேகப்பட்டார். கடைசியில், ஆலைக் காற்று தூசியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவைத் தாண்டிப் போய் விழுகிறது என்று முடிவு கட்டி, முப்பது பக்கம் எழுதினார். நடுவில் ஒருநாள், தட்டில் சோப்பு வாசனை அடிக்கிறதே என்று நான் சொன்னேன். கையை ஒழுங்காக அலசிவிட்டுத் தட்டைத் தொடுங்கள் என்று எனக்குத்தான் அர்ச்சனை விழுந்தது. சரிதான் போ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்துக்காக இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் தங்கள் வேலையைப் பொதுமக்களுக்குப் பத்து நிமிடத்தில் எளிமையாக விளக்க வேண்டும். மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு தடவை எழுதிக் கிழித்தார். ஒவ்வொரு தடவையும் கேட்க உட்கார்ந்தவன் நான். படிதல் வீதம் என்றால் யாருக்கு விளங்கும் என்று கேட்டால், சுருக்கிச் சொன்னால் பொய்யாகிவிடும் என்று எரிந்து விழுவார். எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா தெருவிலிருந்த பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். சுகாதார அதிகாரி ஃபைலோடு முன்வரிசையில். அக்கா நல்ல புடவை உடுத்தி நடுவில் உட்கார்ந்திருந்தார். மேடம் ஒன்பது நிமிடம் பேசினார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பத்தாவது நிமிடத்தில் திரையில் வரைபடம் வந்தது. தூரத்துத் தெருக்களெல்லாம் சிவப்பு, அக்கா தெரு மட்டும் பச்சை. இருபது வீடுகளில் ஒன்றில்கூட வரம்பைத் தாண்டவில்லை என்று சொன்னார்.

ஹாலே கைதட்டியது.

மேடம் திருதிருவென்று முழித்தார். கெட்ட செய்தி சொல்ல வந்தவருக்கு யாராவது கைதட்டுவார்களா? அக்கா எழுந்து நின்றார். முகமெல்லாம் பூரிப்பு.

"பின்னே சும்மாவா? நீங்க வர்றதுக்கு முந்தின நாள் தெருவே உட்கார்ந்து தட்டைக் கழுவுவோமே. யூனிவர்சிட்டிலேருந்து என் தங்கச்சி வர்றா, அழுக்குத் தட்டைக் குடுத்தா அவளுக்குத்தானே அசிங்கம்னு நான்தான் வீடு வீடா போய்ச் சொன்னேன். புதுத் துணியாப் பார்த்துத் துடைச்சு வச்சோம்."

நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி எழுந்து, அப்படியென்றால் இந்தக் கணக்கு செல்லாதுதானே என்று கேட்டார். மேடம் நினைத்திருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். செல்லாது என்று மைக்கிலேயே சொன்னார். மறுபடி ஒரு வருடம் அளந்து கொண்டுவாருங்கள் என்று அதிகாரி ஃபைலைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேடம் மேடையை விட்டு இறங்கி வந்து அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்றுதான் நான் பயந்தேன்.

"அக்கா, அந்தத் தட்டுல தூசி விழணும்னுதான் வச்சேன். அவ்வளவு தூசி உன் நெஞ்சுக்குள்ள போகுதுன்னு அதிகாரிகிட்ட காட்டி, ஆலைக்குக் கூரை போட்டு மூட வைக்கலாம்னு."

பதினொரு தடவை எழுதியும் வராத பேச்சு. படிவத்தின் தலையில் இதை எழுதியிருந்தால் அந்த ஒரு வருடம் போயிருக்காது.

அக்காவுக்கு இருமல் வந்தது. நிற்கும்வரை மேடம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

"இது எனக்குப் புரியாதுன்னா நினைச்சே?"