காயாத உப்பு

உப்பைக் கழுவுவதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்து, சலித்த உப்பைக் கலந்து, தட்டில் ஊற்றிக் காயவிட வேண்டும். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து வெளியே போய்விடும், அது இருந்த இடமெல்லாம் துளையாகும். அதற்குள் செல்கள் புகுந்து வளர்ந்தால் ஒருநாள் எலும்பாகலாம். ஆனால் துளைக்குத் துளை வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், செல்லும் நுழையாது.

முதல் வருடம் ஐப்பசி மழையில் நான் செய்த ஒரு பேட்ச் அருமையாக வந்தது. என் கைடு சார் அதை வைத்துக் கட்டுரை எழுதினார், அச்சிலும் வந்துவிட்டது. அப்புறம் இரண்டு வருடமாக அப்படி ஒன்றுகூட வரவில்லை. மறுபடி செய்து காட்டாமல் பட்டம் கிடையாது. ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆய்வகத்துக்குப் போவேன், கழுவுவேன், எடை போடுவேன், உப்பு உள்ளேயே இருக்கும், திரும்பி வருவேன்.

"ஏட்டி, இன்னும் எம்புட்டு நாளைக்கு அந்த உப்பக் கழுவிக்கிட்டே இருப்ப?" என்பாள் அம்மா.

சாரிடம் பாலிமரைக் குறை சொன்னேன், கரண்ட் கட்டைக் குறை சொன்னேன். உண்மையில் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அந்த மழை நாளில் ஜாடி உப்பு ஈரம் கோத்துக் கட்டியாகக் கிடந்தது. ஓவனில் ஒரு நாள் காயவைத்துத்தான் சேர்க்க வேண்டும். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கரண்டியால் குத்தி உடைத்து அப்படியே போட்டேன். நோட்டில் மட்டும் 'காயவைத்தது' என்று எழுதினேன், கட்டுரையிலும் அதுவே ஏறிவிட்டது. ஈர உப்பில் செய்து பார்த்து அது சரியாக வந்துவிட்டால் என் பொய் வெளியே வரும். பார்க்காவிட்டால் ஆயுசுக்கும் கழுவ வேண்டியதுதான். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன், பயந்தாங்கொள்ளி.

போன மாதம் வடக்கே ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மின்னஞ்சல் அனுப்பினாள். எங்கள் கட்டுரைப்படி எட்டு மாதமாகச் செய்கிறாளாம், வரவே இல்லையாம். அவள் கையில்தான் கோளாறு என்று கைடு திட்டுகிறாராம். உப்பை எத்தனை மணி நேரம் காயவைத்தீர்கள் என்று கேட்டிருந்தாள்.

அன்றே உப்பை ஈரக்காற்றில் வைத்தேன். பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன; ஒட்டிய இடம் கரைந்தால் அதுவே துளைக்குத் துளை வழி. அதில் செய்ததைக் கழுவி, உலர்த்தி, எடை போட்டால் உப்பு துளிகூட மிச்சமில்லை. சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். "சரிம்மா, இத இப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி புதுப் பேப்பராப் போட்டுருவோம். பழசப் பத்தி யார்ட்டயும் மூச்சு விடாத. பொறவு உனக்கு வைவா வச்சுப் பட்டந்தான், அம்புட்டுத்தான்."

பட்டம். இரண்டு வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. தலையாட்டிவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தேன். ராஜபாளையம் வருவதற்குள் அந்த வடக்கத்தி மாணவிக்குப் போனிலேயே எழுதி அனுப்பிவிட்டேன்: 'உப்பை நான் காயவைக்கவே இல்லை. நோட்டில் பொய் எழுதினேன். உங்கள் கையில் ஒரு கோளாறும் இல்லை. இதை உங்கள் கைடிடம் காட்டுங்கள்.'