வாஷ்பேசினில் என் அம்மாவின் பெயர்

பொங்கல் முடிந்து நான்காம் நாள் கிளம்பினோம். திருப்பூரில் அந்த வாரம் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். தெற்கத்திக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போயிருப்பார்கள், பாதி டீக்கடைகூடத் திறக்காது. என் மகள் கவிதா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். வருடத்தில் அவள் மூச்சு விடுவது அந்த வாரம்தான். கடலோரத்தில் ஒரு ஓட்டலைப் போனில் காட்டினாள். எல்லாம் என் காலத்துப் பொருளாகவே வைத்திருக்கிறார்கள், எனக்குப் பிடிக்கும் என்றாள். என் காலத்துப் பொருளைப் பார்க்க நான் ஏன் காசு கொடுத்துப் போக வேண்டும் என்று கேட்டேன். அவள் அதற்குள் பணம் கட்டிவிட்டிருந்தாள்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். போனில் பேசிப் பேசி இந்தப் பயணக் குறிப்புகளை எழுதுகிறேன், பிழையைக் கவிதா திருத்துகிறாள். ராமேஸ்வரம் போனதை எழுதியபோது என் வயதுக்காரர்கள் பலர் நேரமும் செலவும் கேட்டிருந்தீர்கள். அதனால் இதிலும் ஒன்று விடாமல் சொல்கிறேன். நடுவில் நடந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காலை 5.10க்கு வண்டி எடுத்தோம். வாடகை கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய், டிரைவர் முருகேசனுக்கு நாளைக்கு அறுநூறு பேட்டா. அவிநாசிபாளையம் தாண்டும்போது இன்னும் விடியவில்லை. அங்கேயே கவிதா பேச்சை ஆரம்பித்தாள். வைகாசியில் அவள் மகளுக்கு, என் பேத்திக்கு, கல்யாணம். கொமரலிங்கத்து அத்தையைக் கூப்பிட வேண்டும் என்றாள்.

கொமரலிங்கத்து அத்தை என்பது என் அண்ணன் மனைவி செல்லாத்தாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்போம். அவரோடு நான் பேசி முப்பத்தைந்து வருடம். அண்ணன் இறந்தபோதுகூடப் போனேன், அழுதேன், நங்கையாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கவிதாவுக்கு ஏழு வயதில் காது குத்தினோம். விருந்துக்குச் சோறு வடிக்க, என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த பித்தளைப் போசியை அட்டாலிப் பரணிலிருந்து இறக்கினோம். பாத்திரத்தை நாங்கள் போசி என்போம். அது பத்துப் படி அரிசி பிடிக்கும், வாய் அகலமான போசி. விளிம்பில் என் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். நங்கையா ஒரு வாரம் தங்கி வேலை செய்தார். போசியைக் கழுவிக் கவிழ்த்ததும் அவர்தான். நான் ஷிப்டுக்குப் போயிருந்த நேரத்தில் ஊருக்குப் பஸ் ஏறினார். இரண்டு பையோடு வந்தவர் மூன்று பையோடு போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அடுத்த மாதம் தேடினால் போசி இல்லை. வேறு யார் எடுத்திருப்பார்கள்? சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொன்னேன். எனக்கு எதுவும் மறக்காது. அன்று நங்கையா கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சுங்குடிச் சேலை.

அவர் வந்தால் நான் மண்டபத்துக்கு வர மாட்டேன் என்று கவிதாவிடம் சொல்லிவிட்டேன்.

7.50க்குத் திண்டுக்கல்லில் சாப்பாடு. மூன்று பேருக்கு 310 ரூபாய், இட்லி கல்லு மாதிரி. மதுரையைச் சுற்றிக்கொண்டு தூத்துக்குடி 11.35, திருச்செந்தூர் 12.30. அங்கிருந்து தெற்கே கடலை ஒட்டிப் போனால் ஓட்டல். 1.10க்கு இறங்கினோம். மீட்டரில் 372 கிலோமீட்டர்.

உள்ளே போனதும் முதல் அதிர்ச்சி. நாங்கள் பழைய சாமான்காரனுக்கு எடைக்குப் போட்டதெல்லாம் அங்கே வரிசையாக நிற்கிறது. வயர் பின்னிய நாற்காலி, கறுப்புக் குமிழ் சுவிட்சு, தகர டிரங்குப் பெட்டி, எண்ணைச் சுழற்றிப் பேசும் போன். எனாமல் தட்டில் ஓரம் உதிர்ந்திருக்கிறது. உதிர்ந்த தட்டில் என் மாமியார் நாய்க்குத்தான் சோறு போடுவார். இங்கே அதில் மீன் வறுவல் வைக்கிறார்கள். இதற்கு ஒரு நாள் வாடகை 6,500 ரூபாய், வரி தனி. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பழைய மோஸ்தர் கோடு போட்ட டீசர்ட் போட்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். கழுத்துப் பட்டியின் ரிப் பின்னல் தளர்ந்திருந்தது. எங்கள் செக்கிங் டேபிளில் அது பாஸாகாது.

எங்கள் அறை மாடியில். இருபத்திரண்டு மரப்படி, செங்குத்து, லிப்ட் கிடையாது. மதியச் சாப்பாடு ஆளுக்கு 450. சாப்பிட்டதும் கவிதா கடலில் கால் நனைக்கப் போய்விட்டாள். நான் வாய் கொப்பளிக்கக் குளியலறைக்குப் போனேன்.

வாஷ்பேசின் இருக்க வேண்டிய இடத்தில் மரப்பலகை மேல் ஒரு பித்தளைப் போசியை வைத்திருந்தார்கள். அடியில் ஓட்டை போட்டுக் குழாய் மாட்டியிருந்தது. கேட்டால் இப்போது இதுதான் அழகாம். நான் கொப்பளித்துத் துப்பினேன். குழாயைத் திருப்பிக் கழுவிவிட்டு, வழிந்த தண்ணீரைத் துடைக்கும்போது விளிம்பில் விரல் தட்டுப்பட்டது. புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாச்சாத்தாள், கொமரலிங்கம்.

என் அம்மாவின் பெயர். பக்கத்திலேயே காது குத்துக்கு இறக்கும்போது அட்டாலி மூலையில் இடித்த நெளிவும் இருந்தது.

கொஞ்ச நேரம் மூடி போட்ட கழிப்பறைக் கோப்பை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் கழித்து, நானூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், அதில் நானே துப்பியிருக்கிறேன். அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் வந்தது. நங்கையா கையும் களவுமாகச் சிக்கியது போலிருந்தது. எங்கோ விற்றிருக்கிறார், அது கைமாறிக் கைமாறி இங்கே வந்திருக்கிறது. போட்டோ எடுத்தேன். அறைக்குள் சிக்னல் இல்லை, பால்கனிக்குப் போனேன். எங்கள் குடும்ப குரூப்பில் நாற்பத்தோரு பேர், நங்கையாவின் மகனும் பேரனும் உண்டு. அதில் படத்தைப் போட்டு, செல்லாத்தாள் திருடி விற்ற என் அம்மா போசி இதோ கிடைத்துவிட்டது, எல்லாரும் பாருங்கள் என்று பேசி அனுப்பினேன். அப்போது மணி 3.40.

ஐந்து நிமிடத்தில் என் சித்தப்பா மருமகள், "எனக்கு அப்பவே தெரியும்" என்று எழுதினாள்.

பிறகு கீழே போய் அந்தப் போசியை எங்கே வாங்கினீர்கள் என்று மேனேஜரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்க்கும் ரோசலின் என்ற உள்ளூர்ப் பெண்ணைக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், சிரித்த முகம். எந்தப் போசி என்று மேலே வந்து பார்த்தவள், இது பக்கத்து ஊர் சேவியர் வீட்டுப் பாத்திரம் என்றாள். சேவியர் இறந்து, வீட்டை விற்றுவிட்டு அவர் மனைவி மகளோடு சென்னைக்குப் போனபோது ஓட்டல்காரர் மொத்தமாக எடுத்தாராம்.

"அவிய முந்தி திருப்பூர்லதான் பனியன் கம்பெனில இருந்தாவ. பின்னால பாருங்கம்மா, அந்தப் பக்கமும் பேரு வெட்டிருக்கு. தேய்க்கும்போது கையில கீறும்."

பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. போனை இடுக்கில் விட்டு எடுத்துப் பார்த்தோம். ரோசலின்தான் படித்தாள். "சேவியர் மேரி திருமண அன்பளிப்பு. ப. பழனிச்சாமி, திருப்பூர்."

பழனிச்சாமி என் வீட்டுக்காரர். இறந்து ஆறு வருடம் ஆகிறது.

இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தாள். எனக்கு என்ன உறவு என்று கேட்டாள். போனை வாங்கிப் பெயரை நானே எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

சேவியரை எனக்குத் தெரியும். நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் டெய்லர். நான் செக் செய்து கட்டிய பனியன் கட்டில் நூல் பிசிறு இருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்லி எனக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிக்க வைத்தவர். காது குத்து முடிந்து பதினோராம் நாள் அவருக்கு ஊரில் கல்யாணம். இந்த வீட்டிலிருந்து ஒரு சல்லிக் காசு அந்தக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லி, சுருக்குப் பையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரரும் சேவியரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வெறுங்கையோடு போக இவரால் முடியவில்லை. பெயர் வெட்டாமல் பாத்திரம் கொடுத்தால் மொய்யில் சேராது, கொடுத்தது யார் என்றும் தெரியாது. அதனால் பாத்திரக்கடையில் என் அம்மா பெயருக்கு நேர் எதிர்ப்பக்கம் தன் பெயரை வெட்டியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் அவரை நான் பார்த்தேன், ஷிப்டு முடிந்து வரும் வழி. தோளில் சாக்குப்பை. அந்தப் பை உருண்டையாக இருந்தது. இதுவும் எனக்கு மறக்கவில்லை. என்ன என்றுதான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை நாள் சோற்றுத் தட்டின் முன்னால் நான் நங்கையாவைத் திட்டியிருப்பேன். என் வீட்டுக்காரர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, போனால் போகட்டும் விடு, வேறு போசி வாங்கிக்கொள்ளலாம் என்பார். என்ன பெரிய மனசு என்று அதையும் ஊர் முழுக்கச் சொன்னேன்.

கவிதா மணலோடு வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடி வந்திருக்கிறாள். பின்பக்கத்தைக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். குரூப்பில் போட்டதை அழிக்கலாம் என்றாள். இருபத்தாறு பேர் பார்த்துவிட்டதை அழித்து என்ன ஆகும்? அதற்குக் கீழேயே எழுதினேன். போசியை எடுத்தது என் வீட்டுக்காரர், நங்கையா மேல் தப்பில்லை, பழி போட்டது நான். அதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. "அப்பவே தெரியும்" என்றவளும் எழுதவில்லை. நங்கையாவின் போனுக்கு மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை.

மேனேஜர் நல்ல மனிதர், போசியைக் கழற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். காலைச் சாப்பாடு வாடகையிலேயே அடக்கம், அதைச் சாப்பிடாமல் மறுநாள் 6 மணிக்குக் கிளம்பினோம். ஒட்டன்சத்திரத்தில் பழனி ரோட்டுக்குத் திரும்பி, மடத்துக்குளம் வழியாகக் கொமரலிங்கம் 1.20.

நங்கையா வாசலில் நெல் காயப்போட்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா" என்றார். கவிதாவை "வா கண்ணு" என்றார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

"நான் எழுதுனதப் பாத்தீங்களா, நங்கையா?"

"பேரன் படிச்சுக் காட்டுனான். ரெண்டையுந்தான்."

தப்பு என்னுடையது என்றேன். அவர் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

"மூணாவது பையில இருந்தது முறுக்கு. உங்கண்ணனுக்குப் புடிக்கும்னு நீதான் மொத நாளே கட்டி வெச்சே."

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. சேலை நிறம் இருக்கிறது, இது இல்லை.

"நீ எழுதுனது செரி," என்றார். "முப்பத்தஞ்சு வருசமா எந்த ஊட்டு விசேசத்துக்குப் போனாலும், நான் சமையக்கட்ட விட்டு எந்திரிச்சதும் ஒருத்தி போசிய எண்ணறா. எனக்குக் கேக்கும். நீ எழுதுனதுல அது நிக்குமா?"

எங்கள் கல்யாணங்களில் அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கும் அறையை உக்கிராணம் என்போம். அதன் சாவியைச் சொந்தத்திலேயே நம்பிக்கையான ஒரு பெண்ணிடம்தான் கொடுப்போம். பேத்தி கல்யாணத்தில் அந்தச் சாவி அவர் இடுப்பில் இருக்க வேண்டும், எல்லாரும் பார்க்கக் கொடுக்கிறேன் என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு வயசுல குடுத்திருந்தா வாங்கியிருப்பேன்," என்றார். "கவிதாளுக்காவ வர்றேன். பந்தில உக்காந்து சாப்புடறேன். சமையக்கட்டுப் பக்கம் வர மாட்டேன்."

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. 3 மணிக்குக் கிளம்பி, உடுமலை, பல்லடம் வழியாக 5.10க்கு வீடு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் படத்துக்குத் தினமும் பூ வைப்பேன். அன்றிலிருந்து வைக்கவில்லை. எப்போது வைப்பேன் என்று தெரியாது.

போகிறவர்களுக்கு: மொத்தம் 790 கிலோமீட்டர், வாடகை 11,060, பேட்டா 1,200, டோல் 640. முட்டிவலி இருந்தால் கீழ் அறை கேளுங்கள். டிரைவருக்கு அங்கே தங்க இடமில்லை, திருச்செந்தூரில் 400 ரூபாய்க்கு லாட்ஜ் எடுத்தோம், முன்பே ஏற்பாடு செய்யுங்கள். காபி 160 ரூபாய், அதுவும் தண்ணி மாதிரி. கடலில் பாறை இருக்கிறது, உள்ளூர்க்காரர்களைக் கேட்டு இறங்குங்கள். இடம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். நான்தான் கடலைச் சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

எங்கள் சொந்தக்காரர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். வைகாசியில் நங்கையா மண்டபத்துக்கு வரும்போது சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். அவர் எழுந்து போன பிறகு யாரும் எதையும் எண்ணாதீர்கள். எண்ணுவது என் காதில் விழுந்தால், இன்னொரு முப்பத்தைந்து வருடம் பேசாமலிருக்க எனக்குத் தெம்பு இருக்கிறது.