ருசியான சமையல் என்று பெயர் வைத்த குழு

எங்கள் வாட்சப் குழுவின் பெயர் ‘ருசியான சமையல்’. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கும் பதினோரு குடும்பங்கள் அதில் இருந்தோம். எல்லோர் வீட்டிலும் ஒரே நோயுள்ள பிள்ளை. புரதத்தைச் செரிக்கத் தெரியாமல் பிறந்த உடம்பு. பாலும் பருப்பும் முட்டையும் மூளைக்கு விஷம். பிறந்த சில நாளிலேயே ரத்தத்தில் கண்டுபிடித்து, இந்த நோய்க்கென்றே செய்த தனிப்பால் கொடுத்தால் பிள்ளை நன்றாக வளரும். தாமதமானால் போனது போனதுதான். என் மகளுக்கு இரண்டு வயதில்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது அவளுக்கு ஐந்து வயது, ‘ம்மா’ என்பதற்கு மேல் பேச்சில்லை.

குழுவுக்கு ஏன் சமையல் என்று பெயர்? யாராவது போனை எட்டிப் பார்த்துத் தொலைத்தால்! பரம்பரை நோய் என்று தெரிந்தால் வீட்டுப் பெண்களுக்கு மாப்பிள்ளை வருமா? ஆகவே குழுவில் ஒருவரும் சொந்த முகத்தைப் படமாக வைக்கவில்லை. மூன்று பேர் முருகன், நான்கு பேர் ரோஜாப்பூ, ஒருவர் தன் கார். நோயின் பெயரையும் எழுத மாட்டார்கள், ‘அது’ என்பார்கள். என் மாமியாருக்கோ ஒரே சந்தோஷம். “இப்பயாச்சும் சமைக்கக் கத்துக்கிறாளே” என்று எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வந்தார்.

இரண்டு சந்து தள்ளி என் தங்கை இருக்கிறாள். நான் மாமன் மகனைக் கட்டினேன். அவள் என் கணவரின் தம்பியைக் கட்டினாள். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று ரப்பர்த் தோட்டத்துக் காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

“அக்கா, ஒன் சமையல் குரூப்ல என்னையும் போடேன் லா. வாய்க்கு ருசியா எதாச்சும் திங்கணும் போல இருக்கு” என்றாள் ஒருநாள்.

“குரூப்பு நெறஞ்சி போச்சிடி” என்றேன். என் மகளுக்குப் பால் அலர்ஜி என்றுதான் அவளுக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

போன மாதம் சிம்பாங் பூலாயில், ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் முதல்முறையாக நேரில் கூடினோம். ஆளுக்கொரு புளுகு சொல்லிவிட்டு வந்திருந்தோம். காதுகுத்துக்குப் போகிறேன் என்று சொன்ன ஓர் அக்கா, பொய் பொருந்த வேண்டுமே என்று பட்டுச்சேலையில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். ஆயர் தாவாரிலிருந்து வந்த அண்ணன் திடீரென்று அழுதார். மகனின் நோயை அவர் சொந்தத் தம்பியிடமே மறைத்திருக்கிறார். தம்பியும் சொந்தத்தில்தான் கட்டியிருக்கிறார். தம்பி குழந்தைக்கும் அதுவே வந்து, பிறந்து ஒன்பதாம் மாதத்தில்தான் தெரிந்ததாம்.

“சொன்னா குடும்ப மானம் போயிடும்னு நெனச்சேன் லா” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “அண்ணே, ஒங்க மானத்த வச்சி அந்தப் புள்ளைக்குப் பேச்சு வாங்கித் தர முடியுமா? கூடப் பொறந்தவன்கிட்ட வாயத் தொறக்க ஒங்களுக்கு என்ன கேடு?”

“சரியா கேட்ட லா” என்று பட்டுச்சேலை அக்கா என் கையைப் பிடித்தார். பெரிய நியாயவாதி மாதிரி நான் இரண்டு கிளாஸ் தே தாரே டீ குடித்தேன். அந்த அண்ணன் ஒன்றும் குடிக்கவில்லை.

ஈப்போவுக்குக் காரோட்டி வரும் வழியில்தான், நான் திட்டிய திட்டெல்லாம் யாருக்கு என்று உறைத்தது. த்தூ, நானும் ஒரு அக்கா!

தங்கை வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். உள்ளே போய்ச் சொல்லத் துப்பில்லை. காரில் உட்கார்ந்தபடியே குழுவின் பெயரை அழித்து நோயின் பெயரை எழுதினேன். உடனே இரண்டு முருகனும் ஒரு ரோஜாவும் வெளியேறினார்கள். போகட்டும். தங்கையைச் சேர்த்துவிட்டு எழுதினேன்: “என் மகளுக்கு இருப்பது இந்த நோய். உன் பிள்ளைக்கும் வரலாம். பிறந்த உடனே ரத்தம் பார்க்க வேண்டும். டாக்டரிடம் நாளைக்கே போகலாம்.”

சற்று நேரத்தில் கதவு திறந்தது. ஒரு கையில் போன், மறு கை வயிற்றின் மேல். தங்கை வாசல் கேட்டருகே வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“முழுகாம இருக்கேன்னு மொதமொத ஒன்கிட்டதான்க்கா சொன்னேன்” என்றாள். “அவருக்குக்கூட அப்புறந்தான் சொன்னேன்.”